துறப்பணமும் படிச்ச பிள்ளையும்

போன வசந்தத்தில் பக்கத்துப் பள்ளிக்கூடத்து பாண்ட் வாத்தியக் குழு வைத்த பழஞ்சாமான் சந்தையில் துருப்பிடித்த துறப்பண அலகு இரண்டு வாங்கினேன். 25 மில்லிமீற்றர், முறுக்கு அலகு, பிடி இல்லை. இரண்டும் சேர்த்து 40 குரோணர். கூட வந்த நண்பன் சிரித்தான்.

"மச்சான், ட்ரில் மலிவா விக்கிறான். உனக்கென்ன விசரோ?"

விசர்தான். ஆனாலும் அவனுக்கு ஒரு பதில் சொல்லவேண்டும் போல இருந்தது.

செய்வது பெரிய வித்தையில்லை. அலகின் தலையில் தடித்த இரும்புக் குழாய்த் துண்டொன்றைக் குறுக்காக வைத்து வெல்டிங் செய்தால், பிடி நுழைக்க ஒரு கண் கிடைக்கும். கராச்சில் வேலைசெய்யும் ஒரு தம்பி செய்து தந்தான். நாகம் பூசிய தண்ணீர்க் குழாயை மட்டும் கொண்டுபோகாதீர்கள், அந்தப் புகை காய்ச்சலில் கிடத்திவிடும். பிடிக்கு முதலில் 20 சென்ரிமீற்றர் பைன் தடி போட்டேன். கை நொந்ததுதான் மிச்சம். பிறகு 40 சென்ரிமீற்றர் பேர்ச் தடி. நெம்பு இரண்டு மடங்கு, கொடுக்கவேண்டிய பலம் பாதி. பௌதிகம் படித்தவனுக்கு இது பிடியைப் பிடித்த பிறகுதான் உறைத்தது.

முதல் அலகைக் கெடுத்ததும் நான்தான். நடுவிலிருக்கும் திருகு அலகை மரத்துக்குள் இழுக்கும். ஓரத்திலிருக்கும் சின்னக் கத்திகள் நாரை வட்டமாக வெட்டும். அதற்குப் பின்னால் வரும் உதடுகள் சீவலைத் தூக்கும். அந்த ஓரக் கத்தியை உள்பக்கம் மட்டுமே அராவவேண்டும். நான் வெளிப்பக்கம் அராவினேன். துளை அலகின் உடம்பைவிடச் சிறுத்து, பாதியில் இறுகி நின்றுவிட்டது. நல்லகாலம், இரண்டாவது இருந்தது.

சுவீடனின் கொட்லாண்ட் தீவில் 1936இல் வயல் உழுத ஒருவரின் கலப்பையில் ஓக் மரப் பெட்டியொன்று தட்டுப்பட்டது. மெஸ்டர்மீர் பெட்டி என்பார்கள். ஆயிரம் வருசப் பழசு. உள்ளே இருநூறுக்கு மேற்பட்ட சாமான்கள், அதில் கரண்டி வாய்த் துறப்பணங்களும் இருந்தன. அதை இன்றைக்கு எங்கள் ஆசாரிமாரின் கையில் கொடுத்தாலும் என்ன சாமான் என்று கேட்கமாட்டார்கள்.

ஆனால் நான் கேட்டிருப்பேன். ஊரில் வீட்டுக்கு நிலை செய்ய வந்தவரின் துறப்பணத்தைத் தொட்டதற்கு அப்பாவிடம் அடிவாங்கியிருக்கிறேன். "படிக்கிற பிள்ளைக்கு உதென்ன வேலை?" விரல் வெட்டுப்படும் என்ற பயம் மட்டுமில்லை அது. அது 'அவங்கட வேலை' என்ற சாதிக் கணக்கு. கம்பசில் இரண்டாம் வருசத்தோடு என் படிப்பு நின்றது. இங்கே வந்து கோப்பை கழுவியபோது அந்தக் கணக்கை ஒருவரும் கேட்கவில்லை.

இங்கே பாலர் பாடசாலையிலேயே கத்தியைக் கொடுத்துத் தடி சீவ விடுகிறார்கள். கலையும் கைவேலையும் பள்ளிக்கூடத்தில் கட்டாயப் பாடம். பெற்றோர் சந்திப்பில் எங்கட ஆட்கள் அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை, கணக்குக்கு எத்தனை என்பதுதான் கேள்வி. கத்தியோடு வீட்டுக்கு வரும் பிள்ளையிடம் "வை அதை" என்கிறோம். அப்பாவின் குரல் நோர்வே வரைக்கும் வந்திருக்கிறது. இதைச் சொன்னால் சங்கத்தில் கோபிக்கிறார்கள். கோபிக்கட்டும்.

பத்துத் துளை அவசரமாகப் போடவேண்டியவன் ட்ரில்லை வாங்கட்டும், அதில் எனக்கு வழக்கில்லை. எனக்கு வேண்டியது மூன்றே மூன்று. ஈரம் காயாத பேர்ச் பலகை, நன்றாகக் காய்ந்த கால்கள். பலகை காயக் காயத் துளை சுருங்கிக் காலை இறுக்கும், ஆணியும் பசையும் தேவையில்லை. இரண்டு துளை நான் போட்டேன். மூன்றாவதை மகன் கேட்டு வாங்கினான். பன்னிரண்டு வயது. திருகு முனை மறுபக்கம் எட்டிப்பார்த்ததும் பலகையைத் திருப்பி அந்தப் பக்கத்தால் குடையச் சொன்னேன், இல்லாவிட்டால் சிலும்பு பிய்ந்துவிடும். முகம் சிவக்கச் சிவக்கச் சுற்றினான்.

அவன் போட்ட துளை கொஞ்சம் சரிவு. மூன்று கால் என்பதால் முக்காலி ஆடவில்லை. நண்பன் வந்தால் அதில்தான் இருந்து பிளேன்ரீ குடிக்கிறான். ட்ரில் மலிவு என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.