மன உறுதி பிறவிக் குணமா?

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. குரங்கணிக் காட்டுத் தீயை போடிக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டோம். மலையேற வந்தவர்களில் 20 பேருக்கு மேல் இறந்து போனார்கள். தீக்காயம் பட்டவர்களை முதலில் போடி அரசு மருத்துவமனைக்கும், பிறகு தேனி, மதுரைக்கும் கொண்டு போனார்கள்.

இப்படிப்பட்ட நேரத்தில் நர்ஸ்களைப் பார்த்து "என்ன மன உறுதி!" என்கிறோம். எனக்கு அந்தப் பாராட்டு போதாது என்று தோன்றுகிறது.

மூளை முடக்குவாதம் உள்ள ஒரு குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். மூளையில் ஏற்பட்ட பாதிப்பு மாறாது. ஆனால் சின்ன வயதிலேயே பயிற்சியைத் தொடங்கி தினமும் செய்தால், தசை இறுகுவது குறையும். பல குழந்தைகள் உட்கார, நடக்கக் கற்கிறார்கள். ஒருநாள் முகாமில் இது நடக்காது. அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்க ஒருவர் வேண்டும். அவரே திரும்பத் திரும்ப வரவும் வேண்டும்.

ஏலத்தோட்டத்தில் வேலை செய்யும் அம்மா க.விலக்கு ஆஸ்பத்திரிக்கு இறங்கி வந்தால் ஒருநாள் கூலி போச்சு. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். சிகிச்சைதான் மலையேற வேண்டும், குழந்தை இறங்கக் கூடாது.

நர்ஸுக்கும் இதே நியாயம்தான். முன்கூட்டியே ஒத்திகை, அன்றிரவு மாற்று ஆள், பிறகு பல மாதம் மனம்விட்டுப் பேச ஒருவர். இதெல்லாம் அவர் கேட்காமலே கிடைக்க வேண்டும். மன உறுதியும் பயிற்சியில் வருவதுதான்.

அடுத்த முறை ஒரு நர்ஸைப் பாராட்டும்போது, அவருக்கு அந்த வாரம் லீவு கிடைத்ததா என்றும் கேளுங்களேன்.