முதுமலை மஞ்சள் கொன்றை: வெட்டினால் மட்டும் போதுமா?

பாரிவாக்கம், பூந்தமல்லி பக்கம் இருக்கிறவங்களுக்கு சீமைக்கருவேலம் புதுசு இல்லை. வெட்டிட்டா தொல்லை விட்டதுன்னு நினைப்போம். அடுத்த மழைக்கே அடிக்கட்டை துளிர்த்துவிடும். நீலகிரியின் முதுமலைக் காட்டிலும் இதே கதைதான்.

அங்கே சிக்கல், மஞ்சள் கொன்றை. நம்ம ஊர் சரக்கொன்றை இல்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம். பூத்துக் குலுங்கினால் செல்ஃபி எடுக்கத் தோன்றும். ஆனால், அதன் அடர்ந்த நிழலில் புல் வளராது. புல் இல்லையென்றால் மானும் காட்டெருமையும் யானையும் எதைத் தின்னும்?

இப்படிப்பட்ட அந்நியத் தாவரங்களை அகற்றி காட்டை மீட்க, தமிழக அரசு 2022-ல் தனிக் கொள்கையே கொண்டுவந்தது. வெட்டிய மரம் காகிதக் கூழுக்காக டிஎன்பிஎல் ஆலைக்குப் போகிறது. நல்ல யோசனைதான். ஆனால், அது பாதி வேலை. கட்டை மறுபடி துளிர்க்கும், மண்ணில் கிடக்கும் விதை முளைக்கும், காலி இடத்தில் உண்ணிச்செடி புகுந்துவிடும்.

அதனால், எத்தனை ஹெக்டேர் வெட்டினோம் என்ற கணக்கு மட்டும் போதாது. சில வருஷம் கழித்து அங்கே புல் இருக்கிறதா என்றும் பார்க்கணும். துளிரைப் பிடுங்கவும், உள்ளூர்ப் புல்லும் மூங்கிலும் நெல்லியும் வளர்க்கவும் வருஷா வருஷம் நிதி ஒதுக்கணும். அந்த வேலை, காட்டை அறிந்த பழங்குடி மக்களுக்கே முதலில் போகணும்.