பவர் பிரஸ் வாங்கப் போறீங்களா? எத்தனை டன்னுனு கேட்கிறதுக்கு முன்னாடி, எப்படி நிற்கும்னு கேளுங்க!

ஓசூர் சிப்காட்டை ஒட்டிய தெருக்களில் காலையில் நடந்து போனால், ஏதாவது ஒரு ஷட்டருக்குப் பின்னாலிருந்து 'டொக்... டொக்...' சத்தம் கேட்கும். வாசலில் கோலம், பக்கத்து ஷெட்டில் பவர் பிரஸ். அசோக் லேலண்ட், டி.வி.எஸ், டைட்டன் என்று பெரிய ஆலைகள் இங்கே வந்த பிறகு, வாஷர், கிளாம்ப், பிராக்கெட் அடித்துக் கொடுக்கும் சின்னப் பட்டறைகளும் கூடவே முளைத்தன. இப்போது போச்சம்பள்ளி வரை மின் ஸ்கூட்டர் வந்துவிட்டது. ஆபரேட்டராகப் பல வருடம் உழைத்தவருக்கு, 'நாமே ஒரு பிரஸ் போட்டால் என்ன?' என்று தோன்றுவது இயல்புதான்.

தோன்றியதும் செய்யும் முதல் வேலை, போனில் தேடுவது. 'வீட்டில் வைக்க ப்ரோக்ரசிவ் பிரஸ்' என்று ஆங்கிலத்தில் தட்டினால், வேறு ஓர் உலகம் திறக்கும். அமெரிக்கர்கள் வீட்டு மேசையில் வைத்து, சுட்டு முடித்த தோட்டாக் கூடுகளில் மறுபடி மருந்து நிரப்பும் கைப்பிடி மெஷின்கள்! கைப்பிடியை ஒரு முறை இழுத்தால் தட்டு ஒரு படி சுழலும். ஒவ்வொரு படியிலும் ஒரு வேலை நடந்து, கடைசிப் படியில் ஒரு தோட்டா முழுதாக வெளியே வரும். அங்கே அது பொழுதுபோக்கு. இங்கே 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவுப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். தண்டனை 7 ஆண்டுகளில் தொடங்கி ஆயுள் வரை போகும். அந்தப் பக்கத்தை அப்படியே மூடிவிடுங்கள்.

ஆனால், 'ப்ரோக்ரசிவ்' என்ற சொல்லுக்கு அங்கேயும் இங்கேயும் அர்த்தம் ஒன்றுதான். ஒரு பிராக்கெட்டுக்குத் துளை போட வேண்டும், வெட்ட வேண்டும், வளைக்க வேண்டும், இன்னொரு முறை வளைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண ஸ்டேஜ் டூலில் இதற்கு நான்கு டூல்கள். ஒவ்வொன்றிலும் பீஸைக் கையால் வைத்து, அடித்து, எடுக்க வேண்டும். ஆயிரம் பிராக்கெட்டுக்கு நாலாயிரம் முறை டூலுக்குள் கை போய்வரும். ப்ரோக்ரசிவ் டூலில் நான்கு வேலைகளும் ஒரே டூலில் வரிசையாக இருக்கும். தகட்டுச் சுருள் ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் ஒரு படி நகரும். ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் ஒரு முழு பீஸ் விழும். கைக்கு உள்ளே வேலையே இல்லை.

பலரும் இதை உற்பத்தி வேகத்துக்காகத்தான் வாங்குகிறார்கள். விரலுக்காக வாங்க வேண்டிய சாமான் இது.

ஒரு விரலின் விலை

குருகிராமில் இயங்கும் 'சேஃப் இன் இந்தியா' என்ற அமைப்பு, வாகன உதிரிபாகத் தொழிலாளர்களின் காயங்களைப் பற்றி 2019 முதல் 'க்ரஷ்டு' என்ற பெயரில் அறிக்கைகள் வெளியிட்டு வருகிறது. விரல்களை நசுக்கும் இயந்திரங்களில் பவர் பிரஸ்ஸுக்குத்தான் அதில் முதலிடம். அது ஹரியானா கதை என்று தள்ளிவிட முடியாது. அதே உதிரிபாகம், அதே பிரஸ்தான் ஓசூரிலும்.

1923-ம் ஆண்டு வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையைப் படித்தால் கொஞ்ச நேரம் பேச்சு வராது. கட்டைவிரல் முழுதாகப் போனால், சம்பாதிக்கும் திறனில் 30 சதவிகிதம் இழப்பு. ஆள்காட்டி விரலுக்கு 14, நடுவிரலுக்கு 12, மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் தலா 7. வீட்டுப் பட்டறையில் அந்த விரல் மனைவியுடையதாகவோ, தம்பியுடையதாகவோ, ஒடிசாவிலிருந்து வேலை தேடி வந்த இருபது வயதுப் பையனுடையதாகவோ இருக்கும்.

கிளட்ச்சில்தான் விஷயம்

செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும் பழைய பிரஸ்களில் பெரும்பாலும் இருப்பது கீ கிளட்ச். பின் கிளட்ச் என்றும் சொல்வார்கள். பெடலை மிதித்ததும் சாவி போன்ற ஓர் இரும்புத் துண்டு, சுற்றிக்கொண்டிருக்கும் ஃபிளைவீலையும் ஷாஃப்டையும் பூட்டிவிடும். பூட்டிய பிறகு ஷாஃப்ட் ஒரு முழுச் சுற்று முடித்தே ஆக வேண்டும். நடுவில் கை போனாலும், கத்தினாலும், மெயினை அணைத்தாலும் அது நிற்காது. நிமிடத்துக்கு 60 ஸ்ட்ரோக் என்றால், ராம் மேலிருந்து கீழே வர அரை விநாடிதான்.

அதைவிட மோசம், டபுள் ஸ்ட்ரோக். கிளட்ச்சின் ஸ்பிரிங் தளர்ந்தாலோ, சாவி தேய்ந்தாலோ, ஒரு முறை மிதித்ததற்கு ராம் இரண்டு முறை இறங்கும். முதல் அடி முடிந்தது என்று பீஸை எடுக்கப் போன கை அங்கே இருக்கும். 'அவன் கவனமா இல்லை' என்று பழி போடுவார்கள். கவனமாக இருந்தாலும் அதேதான் நடந்திருக்கும்.

நியூமேட்டிக் கிளட்ச் பிரஸ் வேறு ரகம். காற்றழுத்தம் இருக்கும்வரைதான் கிளட்ச் பிடிக்கும். காற்று போனால் பிரேக் பிடித்து, ராம் பாதி வழியிலேயே நின்றுவிடும். அதனால் இரண்டு கை பட்டன், முன்னால் ஒளித்திரை சென்சார் எல்லாம் இதில் உண்மையாகவே வேலை செய்யும். கீ கிளட்ச் பிரஸ்ஸில் ஒளித்திரையை மாட்டி விற்பவர்களும் உண்டு. கை உள்ளே இருப்பதை அது கண்டுபிடிக்கும். கண்டுபிடித்து என்ன செய்ய, பிரஸ் நிற்காதே!

பட்டனை எங்கே வைப்பது என்பதற்கும் கணக்கு உண்டு. கை ஒரு விநாடிக்கு 1.6 மீட்டர் பாயும் என்று வைத்துக்கொள்வது வழக்கம். பிரஸ் நிற்க கால் விநாடி ஆகுமென்றால், டூலிலிருந்து குறைந்தது 40 செ.மீ தள்ளி பட்டன் இருக்க வேண்டும். கைக்கு எட்டும் வசதிக்காக அதை நெருக்கிப் பொருத்திவிட்டால் பட்டன் இருந்தும் பலனில்லை.

இப்போது டன் கணக்கு

வெட்டும் விளிம்பின் நீளம், தகட்டின் தடிமன், உலோகத்தின் வெட்டு வலிமை மூன்றையும் பெருக்குங்கள். 2 மி.மீ எம்.எஸ் தகட்டில் 50 மி.மீ வட்டம் வெட்ட, விளிம்பு 157 மி.மீ, சதுர மி.மீட்டருக்கு 40 கிலோ என்று எடுத்தால் சுமார் 12.5 டன். அதே ஸ்ட்ரோக்கில் இரண்டு 8 மி.மீ துளைகளும் போட்டால் இன்னொரு 4 டன். ப்ரோக்ரசிவ்வில் எல்லாப் படிகளும் ஒரே நேரத்தில் அடிப்பதால், எல்லாவற்றையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். ஸ்டிரிப்பர் ஸ்பிரிங், மழுங்கிய பஞ்ச் ஆகியவற்றுக்கு மேலே கால் பங்கு சேர்த்தால் 20 டன்னைத் தாண்டும். 30 டன் பிரஸ் என்று முடிவெடுக்கலாம்.

அதோடு முடியவில்லை. ப்ரோக்ரசிவ் டூல் நீளமானது. டன் போதுமானதாக இருந்தும் பெட்டில் டூல் உட்காராமல் திரும்பி வந்த கதைகள் உண்டு. கனமான வெட்டு ஒரு ஓரத்தில் மட்டும் விழுந்தால் சி-ஃப்ரேம் பிரஸ்ஸில் ராம் சாயும், பஞ்ச் உடையும். டூல் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிரஸ் தேடுங்கள். பிரஸ்ஸை வாங்கிவிட்டு டூல் வரைவது வீண் செலவு.

சுருளைத் தாங்கும் டீகாய்லர், தகட்டை நிமிர்த்தும் ஸ்ட்ரெயிட்னர், ஃபீடர் என்று செலவு நீளும். மாதா மாதம் ஒரே பீஸ் ஆயிரக்கணக்கில் ஓடினால்தான் இது கட்டுப்படியாகும். அடுத்த மாதம் ஆர்டர் வருமா என்று தெரியாதவர் ஸ்டேஜ் டூலில்தான் ஆரம்பிக்க வேண்டியிருக்கும். அப்படியென்றால் டூலை மூடியபடி செய்யச் சொல்லுங்கள். பஞ்ச்சுக்கும் டைக்கும் இடைவெளி 6 மி.மீக்குள் இருந்தால் விரல் நுழையாது. பீஸைத் தள்ளிவிடும் ஸ்லைடு, எடுக்க காந்தக் குச்சி என்று சில நூறு ரூபாய்ச் சாமான்களே நிறையக் காப்பாற்றும். கடன் வாங்குபவர் கிருஷ்ணகிரி மாவட்டத் தொழில் மையத்தில் பி.எம்.இ.ஜி.பி-க்கு விண்ணப்பிக்கும்போது, நியூமேட்டிக் கிளட்ச்சையும் கம்ப்ரஸரையும் திட்ட அறிக்கையிலேயே சேர்த்துவிடலாம். உற்பத்தித் தொழிலுக்கு அதில் 50 லட்ச ரூபாய் வரை இடம் உண்டு.

அதிகாரி வந்து சொல்லுவார் என்று காத்திருக்க வேண்டாம். 1948-ம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம், மின்சாரத்தில் இயங்கும் இடத்தில் 10 பேர் இருந்தால்தான் தொழிற்சாலை என்றது. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதை 20 ஆக்கியது. மூன்று பேர் வேலை செய்யும் ஷெட் இரண்டிலும் அகப்படாது.

பழைய பிரஸ் பார்க்க அத்திப்பள்ளியைத் தாண்டி பெங்களூரு பீன்யாவுக்குப் போகிறவர்கள், பெயின்ட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். டூல் இல்லாமல் பிரஸ்ஸை ஓடவிட்டு, பெடலை ஐம்பது முறை மிதித்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ராம் உச்சியில் அதே இடத்தில் நிற்கிறதா, ஒரு முறையாவது வழுக்குகிறதா என்று கவனியுங்கள். பிறகு மோட்டாரை அணைத்துவிட்டு, ஃபிளைவீல் முழுதாக நிற்க எவ்வளவு நேரம் ஆகிறதென்று போனில் ஓடவிட்டுப் பாருங்கள். டூல் மாற்றும் ஒவ்வொரு முறையும், அத்தனை நேரம் முடியும்வரை யாரும் உள்ளே கை வைக்கக் கூடாது. அந்த எண்ணை பிரஸ்ஸின் உடம்பிலேயே பெயின்ட்டில், தமிழிலும் வேலைக்கு வரும் பையனுக்குத் தெரிந்த மொழியிலும் எழுதிவிடுங்கள்.