அழாத மகன்



என்னிடம் ஓதி, இப்போது தஞ்சையில் கல்லூரியில் பயிலும் மாணவர் ஒருவர் சென்ற மாதம் ஒரு நூலுடன் மதரசாவுக்கு வந்தார். அல்பெர் காம்யு 1942இல் வெளியிட்ட பிரெஞ்சு நாவல் அது. வெ. ஸ்ரீராம் மூலத்திலிருந்தே தமிழாக்கியதை, 'அந்நியன்' என்னும் பெயரில் க்ரியா 1980இல் வெளியிட்டது.

"ஹஜ்ரத், தாய் மௌத்தாகியும் அழாதவன் ஒரு மனிதனா?" என்று கேட்டார்.

பட்டப்படிப்புக் காலத்தில் நானும் அப்படிக் கேட்டவன்தான். கதாநாயகன் மெர்சோ தாயின் பெட்டியருகே காப்பி அருந்துகிறான், புகை பிடிக்கிறான்; அடக்கம் முடிந்த மறுநாளே கடலில் நீந்துகிறான். பிறகு கொளுத்தும் வெயிலில் கடற்கரையில் ஓர் அரபியைச் சுட்டுக் கொல்கிறான். நீதிமன்றமோ கொலையைக் காட்டிலும் அவன் அழாததையே பெரிதாக விசாரித்து மரணதண்டனை விதிக்கிறது. கல்நெஞ்சன் என்பர் சிலர். பொய்யாக அழ மறுத்த நேர்மையாளன் என்பர் வேறு சிலர். காம்யுவும் 1955இல் எழுதிய முன்னுரையில் இவர்கள் பக்கமே நின்றார்.

கல்நெஞ்சன் என்று சொல்ல இப்போது எனக்கு நா எழவில்லை. எங்கள் ஊரில் ஒருவர் குறுவை நடவின்போது தாயாரை அடக்கிவிட்டு, அன்று மாலையே மண்வெட்டியுடன் மடை திறக்கச் சென்றார். சொட்டுக் கண்ணீர் இல்லை. ஊர் ஏசியது, நானும் ஏசினேன். அன்றைய முறைத்தண்ணீரைத் தவறவிட்டால் நடவு காய்ந்துவிடும் என்பது விவசாயம் அறியாத எனக்கு விளங்கவில்லை. பல மாதங்கள் சென்று, ஒரு நாள் பஜ்ருக்குப் பின் மையத்தாங்கொல்லைச் சுவரோரம் அவர் தனியே நிற்கக் கண்டேன். நாள்தோறும் வருவாராம். நாயகம் (ஸல்) அவர்கள் தம் மகனார் இப்ராஹீம் மறைந்தபோது கண்ணீர் சிந்தினார்கள். ஆயினும், அழுதே தீரவேண்டும் என்று எந்தக் கிதாபிலும் நான் ஓதியதில்லை.

நேர்மையாளன் என்று கொண்டாடுவோரிடமும் எனக்கொரு கேள்வி உண்டு. கொல்லப்பட்டவனின் பெயர் என்ன? நாவல் முழுவதும் அவன் வெறும் 'அரபி'தான். அல்ஜீரிய எழுத்தாளர் கமெல் தாவுத் 2013இல் வெளியிட்ட நாவலில் அவனுக்கு மூஸா என்று பெயரிட்டார். கதையைச் சொல்பவர் தம்பி ஹாரூன். நாவின் தடையால் தயங்கிய மூஸா (அலை) அவர்களுக்குப் பேச்சுத் துணையாக நின்றவர் யார் என்பதை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மார்க்கம் குறித்து அந்நூலில் வரும் சில பேச்சுகள் எனக்கு உடன்பாடல்ல. அதற்காக அது எழுப்பும் கேள்வியைத் தள்ளிவிடவும் இயலாது.

"சுடப்பட்டவனின் தாயார் அழுதாரா?" என்று மாணவரிடம் கேட்டேன். அவர் நூலைத் திறந்து பக்கங்களைப் புரட்டலானார். மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை புரட்டிக்கொண்டிருந்தார்.