வலைக்குள்ள குளிச்சா போதுமா?

ஜெல்லி மீன்னா நமக்கு அரிப்பு, தடிப்பு, அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து கடலில் இருக்கும் இருகாஞ்சி வேற ரகம். பேருலயே 'இருக்கான்' மாதிரி கேட்குது, ஆனா கண்ணுக்குத் தெரியமாட்டான். உடல் ஒரு சென்டிமீட்டர்தான், கண்ணாடி மாதிரி. கொட்டும்போது பெருசா வலிக்காது. அரை மணி நேரம் கழிச்சுதான் தாங்க முடியாத முதுகுவலி, வாந்தி, எகிறும் ரத்த அழுத்தம். 2002-ல் இரண்டு சுற்றுலாப் பயணிகள் இறந்ததற்கு இதைத்தான் காரணமா சொல்றாங்க. விஷமுறிவு மருந்து கிடையாது.

அங்கே கடற்கரையில் வலை கட்டி, அதுக்குள்ள குளிக்கச் சொல்வார்கள். வலைக்கண் 2.5 சென்டிமீட்டர். பெரிய பெட்டி ஜெல்லி மீனுக்காகக் கட்டினது. இருகாஞ்சி நேரா உள்ள வந்துடும். கணக்கு நீங்களே போட்டுக்கோங்க, இன்ஜினியரிங்தானே படிக்கிறீங்க!

இப்போ தெற்கே, முன்பு ஃப்ரேசர் தீவு எனப்பட்ட கர்ரி (K'gari) தீவுப் பக்கமும் கொட்டுது. கடல் சூடாவதால் வந்ததா, முன்னாடியே இருந்ததா என்று விஞ்ஞானிகளிடையே வாதம். நடக்கட்டும். அது முடியுற வரைக்கும் எச்சரிக்கைப் பலகையும் காத்திருக்கணுமா? போர்டு வெச்சா சுற்றுலா படுத்துடும்னு சொல்றவங்களைக் கேளுங்க: உடம்பு முழுக்க மூடுற நீச்சல் உடைக்கும், கொட்டின இடத்துல ஊத்த ஒரு பாட்டில் வினிகருக்கும் எவ்வளவு ஆகும்?