பேரன் கேட்ட சாகே

"ஏளா, இங்க வா! உன் பேரன் சாராயம் கேக்கான்!"

2023 அக்டோபரில், டோக்கியோவில் என் பெண் வீட்டுக்குப் போய் இறங்கிய மூன்றாம் நாள் என் கணவர் போட்ட சத்தம் இது. கையில் மாவுடன் ஓடிப் போய்ப் பார்த்தால், மூன்று வயதுப் பொடியன் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு "சாகே, சாகே" என்று தாளம் போடுகிறான். சாகே என்றால் ஜப்பான்காரர்கள் அரிசியிலிருந்து தயாரிக்கும் மது என்பது இவருக்குப் புத்தகத்தில் படித்த ஞானம். பெண் வந்து சிரியோ சிரியென்று சிரித்தாள். "அப்பா, இங்க சால்மன் மீனுக்கும் சாகேன்னுதான் பேரு. காப்பகத்துல மத்தியானம் அதைத்தான் போடுதாங்க. தெரியாக்கி பண்ணினா இவன் ரெண்டு துண்டு தின்பான். எனக்குத்தான் ஆபீஸ் முடிஞ்சு வந்து செய்ய முடியறதில்லே."

போதாதா எனக்கு? தூத்துக்குடிக்காரி நான். மீன் விஷயத்தில் விட்டுக் கொடுப்பேனா? மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

என் பெண் இருப்பது நிஷி கசாய் என்ற பகுதி. கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் இடம். துவரம்பருப்பும் கறிவேப்பிலையும் கூடக் கிடைக்கும். ஆனால் மீன் வாங்க ஜப்பானியக் கடைக்குத்தான் போக வேண்டும். அங்கே எல்லாம் சுத்தமாகத் துண்டு போட்டு, தட்டில் வைத்து, கண்ணாடித்தாள் சுற்றி அடுக்கியிருக்கிறார்கள். செவுளைத் தூக்கிப் பார்க்கவோ, அழுத்திப் பார்க்கவோ வழியில்லை. ஆரஞ்சு நிறத்தில் நாலு துண்டு இருந்த தட்டைப் போட்டோ எடுத்துப் பெண்ணுக்கு அனுப்பினேன். அவள் மீட்டிங்கில் இருந்தாள். "அமாகுச்சின்னு போட்டிருக்கும்மா, ஸ்வீட்டுங்கற மாதிரி அர்த்தம்" என்று அவசரமாகப் பதில் வந்தது. இனிப்பு மீன் போலிருக்கிறது என்று வாங்கி வந்துவிட்டேன். இது முதல் தப்பு.

வீட்டில் சோயா சாஸ் இரண்டு பாட்டில் இருந்தது. ஒன்று கருப்பு, இன்னொன்று வெளிர் நிறம். இவருக்கு ரத்த அழுத்தம் உண்டு, பன்னிரண்டு வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறார். அதனால் யோசித்து, உப்பு குறைவாக இருக்கும் என்று வெளிர் நிறப் பாட்டிலை எடுத்தேன். இது இரண்டாவது தப்பு.

மூன்றாவதுதான் பெரிய தப்பு. நம் ஊரில் மசாலாவைத் தடவி எவ்வளவு நேரம் ஊறுகிறதோ அவ்வளவு ருசி என்றுதானே நினைக்கிறோம்? மீன் துண்டுகளை சாஸிலும் சர்க்கரையிலும் முக்கி ராத்திரி முழுவதும் குளிர்பெட்டியில் வைத்துவிட்டேன்.

மறுநாள் பொரித்தபோது, போட்ட இரண்டாவது நிமிஷமே வெளியில் கரி, உள்ளே கட்டை. பேரன் ஒரு வாய் வைத்துத் துப்பிவிட்டான். வாயில் போட்டுப் பார்த்தேன். கருவாட்டைக் கழுவாமல் தின்ற மாதிரி இருந்தது. இவர் மட்டும், "ஆசையா செஞ்சிருக்கே, வீணாக்கலாமா" என்று ஒன்றரைத் துண்டைச் சாப்பிட்டு முடித்தார். அன்று ராத்திரி தலை கனக்கிறது என்றார். காலையில் கருவி வைத்துப் பார்த்தால் 168-க்கு 98! வழக்கமாக 130-ஐத் தாண்டாதவர். என் கை நடுங்கிவிட்டது. பாஷை தெரியாத ஊர். பெண்ணும் மாப்பிள்ளையும் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

தூத்துக்குடி டாக்டருக்குப் போன் செய்தோம். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல் ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை என்றதும், "மாத்திரையை விடாமல் கொடுங்கள். ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார வைத்து, காலையிலும் மாலையிலும் பார்த்து எழுதுங்கள். உப்பைக் குறையுங்கள். மேலே ஏறினாலோ வேறு ஏதாவது தோன்றினாலோ உடனே அங்கேயே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்றார். அந்த ஒன்றரைத் துண்டு மீன்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஊரிலிருந்து வந்த நாள் முதல் தினமும் மிஸோ சூப், ஊறுகாய், நூடுல்ஸ் என்று ருசி பார்த்துக்கொண்டிருந்தோம். மிஸோ சூப் ஒரு கிண்ணத்திலேயே ஒரு கிராமுக்கு மேல் உப்பு. நாள் முழுவதற்குமே 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள், உப்பு இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை கீழ் வீட்டு அம்மாள் வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பெண் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்க்க, என் கதையைக் கேட்டவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு ஒவ்வொன்றாக விளக்கினார்.

அமாகுச்சி என்றால் இனிப்பு மீன் இல்லையாம். ஏற்கெனவே உப்பில் போட்ட சால்மனில் உப்பு மட்டாக உள்ள ரகமாம்! அதை அப்படியே சுட்டுச் சோற்றோடு சாப்பிடுவார்கள். சாஸ் எதுவும் சேர்க்க மாட்டார்கள். தெரியாக்கிக்கு உப்புப் போடாத பச்சை மீன்தான் வாங்க வேண்டும். வெளிர் நிற சோயா சாஸில் நிறம்தான் குறைவு. உப்பு கருப்பு சாஸைவிட அதிகம். கருப்பிலேயே ஒரு டேபிள் ஸ்பூனில் சுமார் இரண்டரை கிராம் உப்பு இருக்கிறது. என் கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்தீர்களா?

ராத்திரி முழுக்க ஊற வைத்தேன் என்றதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! 'தெரி' என்றால் பளபளப்பு, 'யாக்கி' என்றால் சுட்டது. அந்தப் பளபளப்பு ஊறுவதில் வருவதில்லை, கடைசியில் சாஸ் சுண்டிப் பாகு போல் மீனில் பிடிக்கும்போதுதான் வருகிறது என்றார். அவர் அம்மா காலத்தில் புரி என்ற மீனில்தான் இதை அதிகம் செய்வார்களாம். ஊற வைக்கவே மாட்டார்களாம். சாஸில் நேரம் போட்டு ஊற வைப்பது, பாட்டில் பாட்டிலாக விற்பது எல்லாம் ஹவாயிலும் அமெரிக்காவிலும் வளர்ந்த பழக்கம். 1976-ல் சியாட்டில் நகரத்தில் தொஷிஹிரோ கசஹாரா என்பவர் ஒரு தெரியாக்கிக் கடை திறந்தார். அதைப் பார்த்து அந்த ஊரில் தெருவுக்குத் தெரு அப்படிக் கடைகள் வந்துவிட்டன. ஊற வைப்பது தவறில்லை. இருபது நிமிஷம் போதும். அதற்கு மேல் போனால் உப்பு மீனின் தண்ணீரை இழுத்து இறுகச் செய்துவிடும். ஒட்டியிருக்கும் சர்க்கரை, மீன் வேகும் முன்பே கருகிவிடும்.

அன்றே அவர் கையால் செய்து காட்டினார். இவருக்காக உப்பைக் குறைத்து நான் எழுதிக்கொண்ட அளவு இது.

எண்பது கிராம் வீதம் நாலு துண்டு சால்மன். கருப்பு சோயா சாஸ் ஒன்றரை டேபிள் ஸ்பூன், மிரின் இரண்டு, தண்ணீர் இரண்டு, சர்க்கரை ஒரு டீஸ்பூன், இஞ்சிச் சாறு ஒரு டீஸ்பூன். எல்லாம் கலந்தால் நாலு துண்டுக்கும் சேர்த்து உப்பு 4 கிராமுக்குள். ஆளுக்கு ஒரு கிராம்கூட வராது. அந்த அம்மாள் தண்ணீருக்குப் பதில் சாகே மதுவை ஊற்றுவாராம். பேரன் வீட்டில் கேட்ட சாகே இரண்டும் ஒரே சட்டியில்!

மிரின் என்பது இனிப்பான சமையல் மது. அசல் மிரினில் சுமார் 14 சதவிகிதம் ஆல்கஹால் உண்டு. கொதிக்க வைத்தால் பெரும்பாலும் போய்விடும், முழுக்கப் போகாது. குழந்தைக்கும், கர்ப்பிணிகளுக்கும், மது வேண்டாம் என்பவர்களுக்கும் செய்யும்போது ஒரு டேபிள் ஸ்பூன் மிரினுக்கு ஒரு டேபிள் ஸ்பூன் தண்ணீர், ஒரு டீஸ்பூன் சர்க்கரை என்று மாற்றிக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். சோயா சாஸில் கோதுமையும் சேர்கிறது. கோதுமை ஒத்துக்கொள்ளாத குழந்தை இருந்தால் கவனம்.

மீனை இருபது நிமிஷம் ஊற வைத்து எடுத்து, காகிதத்தால் நன்றாக ஒற்றிவிடுங்கள். சாஸைக் கொட்டாதீர்கள். குழந்தைகளுக்காக விரலால் தடவிப் பார்த்து முள்ளைப் பிடுங்கி விடுங்கள். மேலே துளி மைதா தூவினால் பிறகு சாஸ் வழுக்காமல் பிடிக்கும். வாணலியில் ஒரு டீஸ்பூன் எண்ணெய், நடுத்தரத் தீ. தோல் பக்கம் கீழே இருக்கட்டும். மூன்று நிமிஷம் தொடவே தொடாதீர்கள். திருப்பினால் தோல் மொரமொரவென்று வந்திருக்கும். மூடி போட்டு இன்னும் இரண்டு மூன்று நிமிஷம். வெள்ளையாகக் கட்டி கட்டியாகக் கசிந்தால் தீ அதிகம் என்று பொருள். வடிந்த கொழுப்பைக் காகிதத்தால் துடைத்துவிட்டு இப்போது சாஸை ஊற்றுங்கள். பச்சை மீன் ஊறிய சாஸ் ஆயிற்றே, நன்றாகக் கொதிக்க வேண்டும். நுரை பெரிதாகி, கரண்டியில் எடுத்தால் பாகாக விழும்வரை மீன்மேல் அள்ளி அள்ளி ஊற்றுங்கள். அந்தப் பளபளப்பு வரும் நிமிஷத்தைப் பார்க்க அவ்வளவு அழகு! அப்போதே இறக்கிவிட வேண்டும். அரை நிமிஷம் தாமதித்தால் கசந்துவிடும். தடித்த இடத்தில் கரண்டியால் அழுத்தினால் இதழ் இதழாகப் பிரிந்து, உள்ளே கண்ணாடி போல் இல்லாமல் இருந்தால் வெந்தாயிற்று. அக்டோபரில் அங்கே வரும் இலையுதிர்கால சால்மனில் கொழுப்பு குறைவு, சீக்கிரம் வறண்டு போகும். பண்ணையில் வளர்த்த நார்வே சால்மன் என்றால் கொஞ்சம் முன்பின் ஆனாலும் பொறுத்துக்கொள்ளும்.

நம் ஊரில் சிலர் காலா மீனை 'இந்தியன் சால்மன்' என்று விற்கிறார்கள். அது வேறு இனம். ஆனாலும் இந்தப் பக்குவத்துக்கு நன்றாகவே வருகிறது. திரும்பி வந்ததும் சீலா மீனில், அதாவது சென்னைக்காரர்கள் சொல்லும் வஞ்சரத்தில், செய்து பார்த்தேன். சால்மனைவிட எனக்கு அதுவே பிடித்தது. நம் கடை சோயா சாஸ் வாங்கும்போது பாட்டிலில் சோடியம் எவ்வளவு என்று பாருங்கள். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு. உப்புக் குறைந்தது என்று விற்கும் சிலவற்றில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். இன்னொன்று, இது செய்கிற அன்றைக்கு அப்பளமும் ஊறுகாயும் மேஜைக்கு வரக் கூடாது. எங்கள் வீட்டில் அதற்குத்தான் பெரிய சண்டை நடந்தது.

சூப்பையும் ஊறுகாயையும் நிறுத்தி எட்டாம் நாள் இவருக்கு 136-க்கு 84 வந்தது. அன்று மறுபடி தெரியாக்கி. பேரன் ஒரு துண்டை முடித்துவிட்டு, தோலை மட்டும் தனியாக உரித்துத் தாத்தா தட்டில் வைத்தான். தோல்தான் ருசி என்று அவனுக்கு இன்னும் தெரியாது. இவர் சொல்லவும் இல்லை.