தனிப்பனைக் கள்ளுக்கு ஊர்ப்பெயர் வேண்டும்

தெற்கு அவுஸ்திரேலியாவின் ஈடன் பள்ளத்தாக்கில், க்னாடன்பெர்க் என்ற லூத்தரன் தேவாலயத்துக்கு எதிரே ஒரு திராட்சைத் தோட்டம் இருக்கிறது. 1860களில் நட்ட ஷிராஸ் கொடிகள் அங்கே இன்னமும் காய்க்கின்றன. 1958இல் சிரில் ஹென்ஷ்கி அந்தத் தோட்டத்துப் பழத்தை வேறு எதனோடும் கலக்காமல் வைனாக்கி, ‘ஹில் ஒஃப் கிரேஸ்’ என்று தோட்டத்தின் பெயரையே போத்தலில் ஒட்டினார். இன்று அந்த நாட்டின் விலையுயர்ந்த வைன்களில் அதுவும் ஒன்று.

இலங்கையின் மன்னார்த் தீவிலும் தேவாலயங்கள் உண்டு. திராட்சைக்குப் பதிலாகப் பனை நிற்கிறது.

தனிப்பனைக் கள் என்பது வடக்கில் பழகிய சொல். பல மரத்துக் கள்ளை ஒன்றாக ஊற்றாமல், ஒரே மரத்தில் இறக்கியதைத் தேடிக் குடித்தவர்கள் அதை மருந்தாகவும் நம்பினார்கள். மருந்தோ இல்லையோ, மரத்துக்கு மரம் சுவை மாறும் என்று அவர்களுடைய நாக்கு கண்டுபிடித்திருந்தது. ஒரு தோட்டத்து வைனைக் கொண்டாடுபவர்கள் சொல்வதும் அதையேதான்.

இதற்குப் பின்னால் உள்ள உழைப்பு சாதாரணமானதல்ல. காலில் தளைநாரோடு காலையும் மாலையும் ஏறி, பாளையின் நுனியை மெல்லிதாகச் சீவி, முட்டி கட்ட வேண்டும். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் கருப்பநீர். பூசாவிட்டால், காற்றிலும் முட்டியிலும் இருக்கும் மதுவங்கள் சீனியைத் தின்று சில மணி நேரத்தில் கள்ளாக்கிவிடும். மதுசாரம் சுமார் 4 முதல் 6 வீதம். ஷிராஸில் 13, 14 வரை போகும். காலையில் இனிக்கும் கள் பின்னேரம் புளித்துவிடும். ஷிராஸ் பிரியர்கள் பலரும் இப்போது மரப்பீப்பாய் வாசம் ஏறிய கனத்த வைனை விட்டு, நாக்கில் பாரமாக உட்காராத, பழச்சுவை துலங்கும் வைனைத் தேடுகிறார்கள். கள்ளுக்கு அந்த இலகுத்தன்மை பிறப்பிலேயே உண்டு.

பெயர்தான் இல்லை. தவறணையில் எல்லாம் ஒரே கள். போத்தலில் அடைத்து விற்கும்போதும் எந்த ஊர்ப் பனை, எந்த மாதம் என்பது வாங்குபவருக்குத் தெரிவதில்லை. தேயிலையைத் தோட்டப் பெயரோடு ஏலத்தில் விற்கத் தெரிந்த நாடு இது. 2022இல் இலங்கைக் கறுவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடும் கிடைத்தது. பனைக்கு அந்த மரியாதை ஏன் வரவில்லை?

சாதியும் ஒரு காரணம். கள்ளைக் குடித்த ஊர், அதை இறக்கியவரை வாசலுக்கு வெளியே நிறுத்தியது. ஆகவே போத்தலில் ஊரின் பெயரோடு, சம்மதித்தால் சீவல் தொழிலாளியின் பெயரும் இருக்க வேண்டும். ஹென்ஷ்கி குடும்பத்தின் பெயரை உலகம் சொல்கிறதென்றால் இவர்களுடைய பெயரையும் சொல்லலாம்.

குடியை வளர்ப்பதா என்ற கேள்வி நியாயமானது. குடியால் சிதைந்த வீடுகள் வடக்கில் ஏராளம். ஆனால் கள்ளைத் தடுத்தால் குடி குறையும் என்பதற்குத் தமிழ்நாடு சாட்சி சொல்லவில்லை. அங்கே 1987 முதல் கள்ளுக்குத் தடை. அரசின் டாஸ்மாக் கடைகளோ மதுவை விற்றுக்கொண்டே இருக்கின்றன.

பனை நிற்கும் அதே மன்னார்த் தீவின் மணலில் இருக்கும் இல்மனைட் கனிமத்துக்கு இன்று கிராக்கி. மணல் அகழ்வுக்கும் காற்றாலைகளுக்கும் எதிராக 2025இல் தீவு மக்கள் வீதியில் இறங்கினார்கள். பாளை தள்ளவே பனைக்குப் பதினைந்து, இருபது ஆண்டுகள் வேண்டும். ஒருமுறை தோண்டிய மணலில் அடுத்த வருடமே பனந்தோப்பை எழுப்ப முடியாது.

1978இல் அமைந்த பனை அபிவிருத்திச் சபையும், கைதடிப் பனை ஆராய்ச்சி நிறுவனமும், கூட்டுறவுச் சங்கங்களும் சேர்ந்தால் அடுத்த பாளைக் காலத்திலேயே இதைப் பரீட்சித்துப் பார்க்கலாம். மன்னார்த் தீவின் பேசாலைப் பக்கம் ஒரு தோப்பு, நூறு போத்தல், ஒவ்வொன்றிலும் தோப்பின் பெயர், ஆண் பனையா பெண் பனையா, இறக்கிய நாள், இறக்கியவர் பெயர்.